பதிவு பயன்பாட்டில் உள்ளது

தார்வாடில் இயங்கும் வட மண்டல ஆசிரியர் இடமாற்ற ஆணையத்தில், ஒரே கோப்பை இரண்டு பேர் ஒரே சமயத்தில் பார்ப்பது ஒழுக்கக்கேடாகக் கருதப்பட்டது. காகிதக் காலத்திலிருந்து வந்த கருத்து அது. கோப்பு ஒரு மேசையில் இருந்தால் மற்ற மேசைகளில் இருக்காது. அந்த மற்ற மேசைக்காரர்கள் அனைவரும் 'கோப்பு என்னிடம் இல்லை' என்று நிமிர்ந்து உட்கார்ந்து சொல்லலாம். அந்த ஒற்றை வாக்கியத்தின் மீதுதான் கட்டடத்தின் மூன்று தளங்களும் நின்றன. ஆகவே, மண்டலத்து ஆசிரியர், அதிகாரி அனைவரின் பதிவுகளையும் ஒரே தரவுக் கோப்பாகத் திரட்டி, அதைத் தரைத்தளத்து அறையில் ஒரு பெரிய இயந்திரத்துக்குள் வைத்து, எந்தத் தளத்திலிருந்தும் யார் வேண்டுமானாலும் எந்த நேரத்திலும் அதனோடு இணைந்துகொள்ளலாம் என்று அரசு கம்பி இழுத்துக் கொடுத்தபோது, அஸ்திவாரத்தில் யாரோ கடப்பாரையை நுழைத்ததாக அலுவலகம் உணர்ந்தது.

எதிர்த்துப் பேச வழியில்லை. அமைச்சர் தேங்காய் உடைத்துவிட்டுப் போயிருந்தார். ஆணையம் தனக்குத் தெரிந்த முறையில் தன்னைக் காத்துக்கொண்டது. சாப்பாட்டுத் தட்டு அளவில் ஒரு பித்தளை வில்லை வார்க்கப்பட்டது. அதற்குச் சிவப்புப் பட்டுக்கயிறு கோக்கப்பட்டது. வில்லை எந்தத் தளத்தில் இருக்கிறதோ அந்தத் தளம் மட்டுமே பெருங்கோப்போடு இணையலாம். ஏனைய தளங்கள் கம்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு காத்திருக்க வேண்டும். வில்லையை ஏந்திச் செல்ல மல்லேசப்பா என்ற பியூன் நியமிக்கப்பட்டு, அவருக்குச் சரிகைத் தலைப்பாகையும் வழங்கப்பட்டது. கண் இமைப்பதற்குள் போய்த் திரும்பக்கூடிய மின்சாரம், அன்று முதல் மல்லேசப்பாவின் முழங்கால் வலிக்கு ஏற்ப நடக்கப் பழகியது.

இவை எதையும் அறியாமல், ஒரு மே மாதத்து முற்பகலில், நீலகங்கா யாத்கிர் பக்கத்திலிருந்து பஸ் பிடித்து வந்து இறங்கினாள். தொடக்கப்பள்ளி ஆசிரியை. அவளுடைய மகள் பூமிகாவுக்குப் பிறந்ததிலிருந்தே காது கேட்காது. தார்வாடில் அத்தகைய குழந்தைகளுக்கென்று இருந்த பள்ளியில், விடுதியில் தங்கிப் படித்துக்கொண்டிருந்தாள். அங்கேதான் அவள் கைகளால் பேசக் கற்றாள். அங்கேதான் கோபித்துக்கொள்ளவும் கேலி செய்யவும் கற்றாள். அந்த விடுதியை இந்தக் கோடையோடு மூடுகிறார்கள். ஜூன் முதல், ஊரிலேயே வீடுள்ள குழந்தைகளுக்கு மட்டுந்தான் பள்ளியில் இடம். நீலகங்காவுக்குத் தார்வாட் இடமாற்றம் மே மாதம் முடிவதற்குள் பதிவானால் பூமிகா படிப்பாள். இல்லையென்றால், தன் பேச்சு ஒருவருக்கும் புரியாத ஊருக்குத் திரும்புவாள்.

இதில் வியப்பு என்னவென்றால், இடமாற்றத்துக்கு ஒப்புதல் கிடைத்துவிட்டது. ஆணை கையெழுத்தாகி அவள் பையிலேயே இருந்தது. பெருங்கோப்பில் அவளுடைய பதிவைத் திறந்து, ஊர்ப் பெயரை மாற்றி மூடவேண்டும். வேலை அவ்வளவுதான்.

தரைத்தளத்து முகப்பில் உட்கார்ந்திருந்த ரோகிணி என்ற தட்டச்சுப் பெண் ஆணையைப் பார்த்துவிட்டு, அந்த ஊரில் ஆசிரியைகளை விளிக்கும் மரியாதைச் சொல்லோடு சொன்னாள்: "எல்லாம் சரியா இருக்கு அக்கோரே. வில்லைதான் இல்ல."

"என்ன வில்லை?"

"பித்தளை வில்லை. அது வந்தாத்தான் கம்பி சொருகணும். இப்ப மேல ரெண்டாவது மாடியில இருக்கு."

நீலகங்கா இரண்டாவது மாடிக்கு ஏறினாள். வில்லை இப்போதுதான் கிளம்பியது என்றார்கள். முதல் மாடிக்கு இறங்கினாள். இன்னும் வரவில்லை என்றார்கள். இரண்டுக்கும் நடுவே, படிக்கட்டுத் திருப்பத்தில், மல்லேசப்பா வில்லையை மடியில் கிடத்தி, அதன்மேல் காகிதம் விரித்து, கிர்மிட் பொரி தின்றுகொண்டிருந்தார்.

"ஐயா, கோப்பு எங்க இருக்கு இப்ப?"

"கோப்பு இப்ப படியில இருக்கு" என்றார் அவர், மிளகாயைக் கடித்துக்கொண்டே.

"கொஞ்சம் சீக்கிரமா கீழ கொண்டு வந்தீங்கன்னா..."

"ஏம்மா, கோப்பைத் தூக்கிட்டு ஓடச் சொல்றியா? தவறி விழுந்தா? மண்டலத்து வாத்தியாருங்க அத்தன பேரு உசுரும் இதுல இருக்கு."

"பேரெல்லாம் கீழ அந்த மிஷினுக்குள்ளதானே இருக்கு?"

மல்லேசப்பா அவளை இரக்கத்தோடு பார்த்தார். "அங்க கிடக்கறது உடம்பு" என்று சொல்லிப் பித்தளையைத் தட்டினார். "உசுரு இங்க."

அவள் கீழே வந்து பெஞ்சில் உட்கார்ந்தாள். பக்கத்தில் பாகல்கோட்டிலிருந்து வந்த உடற்பயிற்சி ஆசிரியர் ஃபக்கீரப்பா, முதுகு வளையாமல் உட்கார்ந்தபடியே தூங்கும் கலையில் தேர்ந்திருந்தார். சோள ரொட்டியும் கடலைச் சட்னியும் நீட்டினாள், விழித்துக்கொண்டார்.

"நீங்க ரொம்ப நாளா காத்திருக்கீங்களா மாஸ்தரே?"

"வந்தப்ப எனக்குக் கல்யாணம் ஆகல அக்கோரே. இப்பவும் ஆகல. அதனால கணக்குத் தெரியல."

வில்லை அன்று பிற்பகல் இறங்கியது. முகப்பில் எல்லாரும் எழுந்து நின்றார்கள். ரோகிணி கைகழுவி வந்து கம்பியைச் சொருகினாள். நீலகங்காவின் பெயரை அடித்தாள். திரையில் ஒரு சிவப்புப் பெட்டி தோன்றியது: 'இந்தப் பதிவு வேறொருவரின் பயன்பாட்டில் உள்ளது. பயனர்: அங்கடி.'

"அச்சச்சோ" என்றாள் ரோகிணி. "இணை இயக்குநர் சாகேப் உங்களைத் திறந்து வெச்சிருக்காரு."

"எதுக்கு?"

"அது தெரியாது. ஆனா அவரு மூடினாத்தான் நாங்க தொட முடியும். ரெண்டு பேரு ஒரே பதிவுல எழுதிட்டா பதிவு கெட்டுப் போயிடும்ல? அதனால மிஷினே பூட்டு போட்டுடுது. முதல்ல திறந்தவங்க கையில சாவி."

"வில்லை இங்க வந்துடுச்சே. அவரு மாடியில கோப்பு இல்லையே?"

"வில்லை போனாலும், திறந்து வெச்ச பதிவு திறந்தது திறந்ததுதான். பரிசீலனையில இருக்கற பதிவைப் பாதியில பிடுங்கக் கூடாதுன்னு விதி."

முறையிடவேண்டிய இடம் இணைப்பு அதிகாரியின் அறை. திகம்பர் இனாம்தார் என்பது அவர் பெயர். அவருடைய மேசைமேல் கணினி இல்லை. கணினியைப் பற்றிய கேடயங்கள் இருந்தன. தன்னைக் காண வந்தவர் பொதுமக்களில் ஒருவர் என்றறிந்ததும், கருத்தரங்கில் பேசும் குரலுக்கு மாறினார்.

"அம்மா, பகிர்வுன்னா என்னன்னு நிறையப் பேருக்குப் புரியல. பகிர்வுன்னா எல்லாருக்கும் குடுக்கறதா? இல்ல. எல்லாருக்கும் இருக்குன்னு சொல்றது. குடுத்துட்டா தீர்ந்து போயிடும், சொன்னா தீராது. நம்ம வலைப்பின்னல் ஒரு தடவைகூடப் பழுதானது இல்ல. ஏன்? யாரையும் உபயோகிக்க விடறது இல்ல."

"அங்கடி சாகேப் என் பதிவை மூடிட்டாப் போதும் சார். நீங்களே இங்கிருந்து மூட முடியாதா?"

"முடியுமே! ஒரு பொத்தான்தான்." இனாம்தார் அந்தப் பொத்தானை நினைத்துப் பெருமிதத்தோடு புன்னகைத்தார். "அதை அமுக்கக் கூடாதுங்கறதுக்காகத்தான் அரசாங்கம் எனக்குச் சம்பளம் குடுக்குது. ஒரு பயனரோட இணைப்பைத் துண்டிக்கணும்னா, அவரு அதை உபயோகிக்கலைன்னு துண்டிப்புக் குழு கூடி நிரூபிக்கணும். வெளிய போறப்ப கூடத்தைப் பாருங்க. பொதுமக்கள் பார்வைக்குன்னே தனியா ஒரு மிஷின் வெச்சிருக்கோம். அதிகாரிகளுக்கு உண்டான எல்லா உரிமையும் அதுக்கும் குடுத்திருக்கோம். திறக்கலாம், பார்க்கலாம், எவ்வளவு நேரம் வேணும்னாலும் வெச்சிருக்கலாம். இந்த மாநிலத்துல வேற எந்த இலாகாவும் இந்த மாதிரி செஞ்சதில்ல."

கூடத்தில் அந்த இயந்திரம் இருந்தது. மஞ்சள் பட்டு போர்த்தி, ஆயுத பூஜைச் சாமந்தி அப்படியே காய்ந்து கிடக்க, மேலே ஒரு பலகை: 'பொதுமக்களுக்கானது. பொதுமக்கள் தொடக் கூடாது.'

துண்டிப்புக் குழுவுக்கு அவள் மனு கொடுத்தாள். ஊருக்குப் போகவில்லை, விடுதிக் காப்பாளரின் தயவில் மகளோடு ஒரு கட்டிலில் படுத்துக்கொண்டு தினமும் அலுவலகத்துக்கு நடந்தாள். குழு கூடியது. இணை இயக்குநர் பதிவை உபயோகிக்கிறாரா என்று நேரில் அறிய அவர் அறைக்கே சென்றது. வெளியே வெயில் சாலைத் தாரை உருக்கிக்கொண்டிருந்தது, உள்ளே குளிர்ச்சி. குழு உறுப்பினர்கள் மாலைவரை எழுந்திருக்கவில்லை. இயந்திரத்தில் பச்சை விளக்கு எரிவதைத் தாங்கள் கண்ணாரக் கண்டதாகவும், எரிகிற விளக்கு உபயோகத்தின் அடையாளம் என்றும், ஐயம் தீர மறுநாளும் ஒருமுறை வந்து உட்கார்ந்து பார்க்கவேண்டும் என்றும் ஒருமனதாக எழுதினார்கள்.

வேறு வழியின்றி அவள் அங்கடியையே பார்க்கப் போனாள்.

விரூபாக்ஷ அங்கடி, மே மாதத் தார்வாடில் ஸ்வெட்டர் அணிந்த ஒரே மனிதர். அறைக்குள் நுழைந்ததும் அவளுக்குத் தோள் சிலிர்த்தது. இயந்திரம் ஒரு மூலையில், ஒருவரும் உட்காராத நாற்காலிக்கு முன்னால், அவளுடைய பெயரைத் திரையில் ஏந்தியபடி எரிந்துகொண்டிருந்தது. தன் பெயரை அவ்வளவு பெரிதாக அவள் எங்கும் கண்டதில்லை.

"உக்காருங்க அக்கோரே. உங்க விஷயம் பரிசீலனையில இருக்கு."

"ஆணை வந்தாச்சே சாகேப். நீங்களே கையெழுத்துப் போட்டிருக்கீங்க."

"கையெழுத்து வேற, பரிசீலனை வேற. கையெழுத்து அவசரத்துல போடறது. என் சர்வீஸ்ல நான் திறந்த எந்தக் கோப்பையும் மூடினது இல்ல. மூடினா என்ன ஆகும்? முடிஞ்சிடும். முடிஞ்சுட்டா அப்புறம் ஒரு அதிகாரிக்கு அதுல என்ன வேலை? மனுஷங்க நம்மகிட்ட வர்றதே முடியாம இருக்கறதாலதான்."

மகளைப் பற்றிச் சொன்னாள். விடுதி மூடுவதைச் சொன்னாள். குரல் ஒருமுறை உடைந்தது. அதற்காகத் தன்னையே வெறுத்துக்கொண்டாள். அங்கடி கவனத்தோடுதான் கேட்டார். கேட்டுவிட்டு, ஆறுதல் சொல்லும் தொனியில் சொன்னார்:

"காது கேக்காத குழந்தைக்கு எந்த ஊரா இருந்தா என்னம்மா? எல்லா ஊரும் ஒரே மாதிரி அமைதியாத்தானே இருக்கும்."

அவள் எழுந்து வெளியே வந்தாள். படிக்கட்டில் எத்தனையாவது படியில் இருக்கிறோம் என்பது தெரியாமல் நின்றாள். அவரை அறையவேண்டும் என்று தோன்றியது. ஆனால் அந்த ஆசை அவளுக்குள் ஒரு வரிசையில் நின்று தன் முறைக்குக் காத்திருந்தது. அலுவலகம் அவளையும் அந்த அளவுக்குப் பழக்கிவிட்டிருந்தது.

மல்லேசப்பா வில்லையோடு மேலே ஏறிக்கொண்டிருந்தார். அவள் முகத்தைப் பார்த்துவிட்டு நின்றார்.

"என்ன அக்கோரே, சாகேப் ரூமுக்குப் போயிட்டு வந்துமா வேர்க்குது உங்களுக்கு?"

"என் பதிவை ஏன் மூட மாட்டேங்கறாரு ஐயா? என்மேல அவருக்கு என்ன பகை?"

"பகையா! ஐயோ யவ்வா, அவருக்கு உன் மூஞ்சியே ஞாபகம் இருக்காது. விஷயம் அந்த ஏ.சி." குரலைத் தாழ்த்தாமல், ஒரு பெருமையைப் பகிர்ந்துகொள்பவர்போல் அவர் விளக்கினார். "ஏ.சி. சாகேபுக்கு இல்ல, மிஷினுக்குத்தான் சாங்ஷன். மிஷின் வேலை செய்யற வரைக்கும்தான் ஏ.சி. ஓடலாம். ஒரு பதிவு திறந்து கிடந்தா மிஷின் வேலை செய்யுதுன்னு அர்த்தம். அதனால எப்பவும் ஒண்ணைத் திறந்து போட்டிருப்பாரு. போன கோடைக்கு ஒரு பிஜாப்பூர்காரர். பாவம், ரிட்டயர் ஆக முடியாம ஒரு வருஷம் சேர்த்து வேலை செஞ்சாரு. இந்தக் கோடைக்கு உன் பேரு வந்துச்சு. சாகேப் ரூம்ல ஜில்லுன்னு அடிக்குதே, அது நீதான் அக்கோரே. குடுத்து வெச்சவ!"

அதுவரை நீலகங்கா குழம்பியிருந்தாள். தன்னிடம் ஏதோ குறை இருக்கவேண்டும், தனக்குப் புரியாத விதி ஒன்று எங்கோ இருக்கவேண்டும் என்று நம்பியிருந்தாள். அந்த நம்பிக்கை ஒரு நோயைப்போல அவளைவிட்டு அந்தப் படியிலேயே இறங்கிப் போனது. குளிர்காற்றுக்காக ஒரு குழந்தையின் பேச்சைப் பிடித்து வைத்திருக்கிறார்கள், அவ்வளவுதான். இதைவிட எளிமையான ஒன்றை அவள் ஒன்றாம் வகுப்பில்கூடச் சொல்லிக்கொடுத்ததில்லை.

மே மாதத்தின் கடைசி வேலைநாள் வந்தது. விடுதியில் காலையிலேயே கட்டில்களைப் பிரித்து அடுக்கத் தொடங்கிவிட்டார்கள். பூமிகா தன் பெட்டிமேல் உட்கார்ந்து, 'எந்தப் பக்கம் போகிறோம்?' என்று கைகளால் கேட்டாள். 'சாயங்காலம் சொல்கிறேன்' என்று கைகளாலேயே பதில் சொல்லிவிட்டு நீலகங்கா ஆணையத்துக்கு வந்தாள்.

அலுவலகம் விழாக்கோலம் பூண்டிருந்தது. அங்கடிக்குப் பதவி உயர்வு. பெங்களூரில் இயக்குநர் நாற்காலி. ஆணை முந்தைய மாலையே வந்துவிட்டது. அன்று மாலை ஐந்து மணிக்குள் பெருங்கோப்பில் அவருடைய பதிவில் அது ஏறவேண்டும். ஏறாவிட்டால் நாற்காலி வரிசையில் அடுத்தவருக்குப் போகும். வரிசையில் அடுத்தவர் இனாம்தார். ஆனால் அதைப் பற்றி யாரும் கவலைப்படவில்லை, இனாம்தார் உட்பட. ஒரு ஊர்ப் பெயரை மாற்ற எவ்வளவு நேரம் ஆகிவிடும்?

அங்கடியே படியிறங்கிக் கூடத்துக்கு வந்து பெஞ்சில் இருந்தவர்களின் வணக்கத்தை ஏற்றார். நீலகங்காவைக் கண்டதும் அவருக்கு ஏதோ நினைவு வந்தது.

"கவலைப்படாதீங்க அக்கோரே. நான் போனாலும் உங்க பதிவை அப்படியே திறந்துதான் வெச்சுட்டுப் போறேன். எனக்கு அடுத்து வர்றவரு விட்ட இடத்துலேர்ந்து பரிசீலிப்பாரு."

சொல்லிவிட்டு அவர் மேலே போனார். அவர் போனதும் மல்லேசப்பா மேலிருந்து வந்தார். தார்வாட் பேடாவை எல்லாருக்கும் வழங்குமாறு சாகேப் சொல்லியிருந்தார். தட்டு கிடைக்காததால், அவர் பேடாக்களைப் பித்தளை வில்லையின் மேலேயே அடுக்கிக்கொண்டு இறங்கியிருந்தார்.

"எடுங்க அக்கோரே, எடுங்க. சாகேப் மேல போறாரு."

நீலகங்கா ஒரு பேடாவை எடுத்தாள். வாயில் போட்டுக்கொண்டாள். நன்றாகத்தான் இருந்தது. மென்றுகொண்டே எழுந்து, கூடத்து மூலைக்குப் போய், மஞ்சள் பட்டைப் பிடித்து இழுத்தாள். சாமந்திகள் உதிர்ந்தன.

"ஏய் ஏய் ஏய்! தொடக் கூடாது!" என்று மல்லேசப்பா அலறினார்.

"இந்த மிஷின் எந்த மாடியில இருக்கு ஐயா?"

"இதே மாடிதான். அதுக்கென்ன?"

"வில்லை எந்த மாடியில இருக்கு?"

மல்லேசப்பா குனிந்து பேடாக்களுக்கு அடியில் பார்த்தார். பித்தளை மறுக்க முடியாதபடி பளபளத்தது.

ரோகிணி தன் மேசையை விட்டு அசையாமல், சுவரைப் பார்த்தபடி சொன்னாள்: "பின்னாடி ஒரு சுவிட்ச் இருக்கும். போட்டதும் பேரு கேக்கும். பேரை அடிச்சுட்டுப் பெரிய பொத்தானை அமுக்கணும். நான் யார்கிட்டயும் எதுவும் சொல்லல."

நீலகங்கா ஒரு விரலால் ஒவ்வொரு எழுத்தாக அடித்தாள்: அங்கடி. பெரிய பொத்தானை அமுக்கினாள். விரூபாக்ஷ அங்கடியின் பிறந்த தேதியும் பதவியும் ஊரும் திரையில் விரிந்தன. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

மதியத்துக்கு மேல் வில்லை இரண்டாம் மாடிக்கு ஏறியது. அங்கே நல்ல நேரம் பார்த்துக் கம்பி சொருகினார்கள். சிவப்புப் பெட்டி தோன்றியது. 'இந்தப் பதிவு வேறொருவரின் பயன்பாட்டில் உள்ளது. பயனர்: பொதுமக்கள்.' இப்படியொரு பயனரை அந்த மாடி பார்த்ததில்லை. எழுத்துப்பிழை என்று முதலில் முடிவு செய்தார்கள்.

செய்தி இனாம்தாருக்குப் போனது. அவருக்கு ஆனந்தம் தாங்கவில்லை. பொதுமக்கள் இயந்திரத்தை ஒருவர் உபயோகிக்கிறார்! அவர் புகைப்படக்காரரை வரவழைத்து, ஒரு மாலையோடு கூடத்துக்கு வந்து, நீலகங்காவின் கழுத்தில் அதைப் போட்டு, படம் எடுத்து முடித்த பிறகுதான் திரையைப் பார்த்தார். முகம் வெளுத்தது. பிறகு, கணக்கு ஏதோ மனத்துக்குள் ஓடியதுபோல, மெல்ல மெல்ல அதில் வேறொரு ஒளி வந்தது.

அங்கடி இரண்டு இரண்டு படிகளாக இறங்கி வந்தார். ஸ்வெட்டரைக் கழற்ற மறந்திருந்தார். கூடத்து வெப்பத்தில் நெற்றி, காது, மூக்கு நுனி என்று வேர்வை ஊற்றியது.

"இனாம்தார்! அந்தப் பொத்தானை அமுக்குய்யா!"

"எப்படி சார் முடியும்?" இனாம்தார் கைகளைப் பிசைந்தார், அதில் வருத்தத்தைவிட நளினம் கூடுதலாக இருந்தது. "பயனர் உபயோகிக்கலைன்னு குழு நிரூபிக்கணும். குழு உங்க ரூம்லதான் உக்காந்திருக்கு. கூப்பிட்டேன். வெயில்ல வர மாட்டேங்கறாங்க. தவிர, இவங்க பொதுமக்கள். பொதுமக்களோட உரிமையில கை வெச்சா நாளைக்கு வரலாறு என்னைக் காறித் துப்பும்."

"வரலாறா? நாற்காலின்னு சொல்லு!"

"எனக்கு நாற்காலி ஆசை என்னைக்குமே இருந்ததில்ல சார். வந்தா மறுக்கற வழக்கமும் இல்ல."

அங்கடி நீலகங்காவின் பக்கம் திரும்பினார். இந்த முறை அவள் முகத்தைச் சரியாகப் பார்த்தார்.

"அக்கோரே, என்ன இது? என் பதிவை மூடுங்க."

"பார்த்துட்டிருக்கேன் சாகேப்."

"என்ன பார்க்கறீங்க?"

"உங்க பிறந்த ஊரு பைலஹொங்கல்னு போட்டிருக்கு. நல்ல ஊருங்க. எங்க பெரியப்பா அங்கதான் பெண் எடுத்தாரு."

பெஞ்சிலிருந்து ஃபக்கீரப்பா சிரித்தார். அதுவரை அந்தக் கூடத்தில் யாரும் சிரித்ததாகப் பதிவில்லை. மற்ற ஆசிரியர்கள் ஒவ்வொருவராக எழுந்து நாற்காலியைச் சுற்றி நின்றார்கள்.

"சரி. உங்க பதிவை நான் மூடிடறேன்" என்றார் அங்கடி. "இப்பவே. அது போதும்ல?"

"முதல்ல அது நடக்கட்டும் சாகேப்."

அவர் இரண்டாம் மாடிக்கு ஓடினார். பதிவை மூடினார். மூடிய மறுகணம் மின்பிரிவு விழித்துக்கொண்டு ஏ.சி.யை நிறுத்தியது, துண்டிப்புக் குழு முணுமுணுத்தபடி எழுந்து கலைந்தது. அவர் மல்லேசப்பாவைக் கையைப் பிடித்துத் தரதரவென்று இழுத்துக்கொண்டு வில்லையோடு கீழே இறங்கினார். பெருங்கோப்பு அந்த வேகத்தில் ஒருநாளும் பயணம் செய்ததில்லை. ரோகிணி கம்பி சொருகினாள், நீலகங்காவின் பதிவு தடையின்றித் திறந்தது, ஊர்ப் பெயர் மாறியது, மூடியது. அச்சடித்த தாளை முகப்பிலிருந்து கொண்டுவந்து அவள் கையில் கொடுத்தாள். அந்த ஒரு தாளுக்காக ஒரு கோடையே எரிந்து போயிருந்தது. வேலை முடிய, ஒரு மிடறு தண்ணீர் குடிக்கும் நேரமே ஆயிற்று.

நீலகங்கா தாளை இரண்டு தடவை படித்தாள். மடித்து ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டாள். எழுந்தாள்.

அங்கடி மூச்சு விட்டார். அந்த மூச்சு முடிவதற்குள், காலியான நாற்காலியில் ஃபக்கீரப்பா உட்கார்ந்தார்.

"நானும் பொதுமக்கள்தான் சாகேப்" என்றார். "கொஞ்சம் பார்த்துக்கறேன். நான் மெதுவாப் படிக்கற ஆளு."

அவருக்குப் பின்னால் ஒரு ராய்ச்சூர் ஆசிரியை நின்றாள். அவளுக்குப் பின்னால் இன்னொருவர். வரிசையில் நிற்பது அவர்களுக்கு நன்றாகப் பழகியிருந்தது. அந்தப் பயிற்சியை இந்த அலுவலகமே அளித்திருந்தது. சுவர்க் கடிகாரத்தின் முள் ஐந்தை நெருங்கிக்கொண்டிருந்தது. இனாம்தார் அதன் கீழே நின்று, வரிசை நேராக இருக்கும்படி பொதுமக்களைக் கனிவோடு கேட்டுக்கொண்டிருந்தார்.

நீலகங்கா வாசலுக்கு வந்துவிட்டாள். அங்கடி பின்னாலேயே ஓடிவந்தார். ஸ்வெட்டர் உடம்போடு ஒட்டியிருந்தது.

"அக்கோரே! நான் சொன்ன சொல்லைக் காப்பாத்தினேன்ல? நீங்க ஒரு வார்த்தை சொன்னா அந்த மாஸ்தர் எழுந்துருவாரு. சொல்லுங்கம்மா. முப்பது வருஷம் காத்திருந்த நாற்காலி அது."

நீலகங்கா நின்றாள். தன்னுள் இரக்கம் ஏதாவது இருக்கிறதா என்று உண்மையாகவே தேடிப் பார்த்தாள். எல்லா ஊரும் ஒரே மாதிரி அமைதியாக இருக்கும் என்று சொன்ன குரல்தான் அங்கே உட்கார்ந்திருந்தது; இடம் விடவில்லை.

"வேற என்ன வேணும் கேளுங்க" என்று அவர் கெஞ்சினார். "வீட்டுக்குப் பக்கத்துப் பள்ளிக்கூடமா? தலைமையாசிரியை ஆகணுமா? குழந்தைக்கு ஏதாவது? கேளுங்க, உடனே செய்யறேன். உங்களுக்கு என்னதான் வேணும்?"

"எனக்கு இனிமே ஒண்ணும் வேண்டாம் சாகேப்" என்றாள் நீலகங்கா. "அதுதான் உங்களுக்குப் பெரிய கஷ்டம்."

சொல்லிவிட்டு, பெட்டிமேல் உட்கார்ந்திருக்கும் மகளிடம் எந்தப் பக்கம் போகிறோம் என்று சொல்வதற்காக, வெயிலில் இறங்கி விரைந்து நடந்தாள். பின்னால் மணி அடித்தது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை. எண்ண மட்டும் செய்தாள். ஐந்து.